மைசூரில் சாக மறுத்த கம்பு

கீரைக்கட்டின் மேல் கொதிநீர் கவிழ்ந்தால் ஒரு வாடை கிளம்பும். வெந்த வாடை இல்லை, அதற்கு முந்தியது. பச்சையாக இருந்த ஒன்று பச்சையாக இருப்பதைக் கைவிடும் நொடியின் வாடை. எந்த ஊர்ச் சமையலறையில் அது மூக்கில் பட்டாலும் எனக்கு மைசூரில் ஒரு நீளக் கட்டடத்தின் கோடி அறை வந்துவிடுகிறது. வெள்ளை வெளிச்சம், கண்ணாடிக்குப் பின்னால் விரல் உயரப் பயிர், விடாமல் உறுமும் ஒரு யந்திரம். கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்துகொள்வேன்.

நான் அங்கே போனது ஒரு பை கம்பு கொடுக்க. தொண்ணூறுகளின் நடுவில், ஒரு மாசி மாதம்.

கோகிலா என் சித்தி மகள். சித்தப்பா மில் வேலைக்காக மைசூர் போய் அங்கேயே ஊன்றிவிட்டவர். கோகிலா பிறந்தது, படித்தது, சண்டை போட்டது எல்லாம் அந்த ஊரில்தான். சூடு பட்டால் ஒரு பயிரின் மரபணுக்களுக்குள் என்ன நடக்கிறது என்பது அவளுடைய ஆராய்ச்சி. எடுத்துக்கொண்ட பயிர் கம்பு. பக்கத்து வீட்டுப் போனில் என்னைக் கூப்பிட்டுச் சொன்னாள். சோதனை திரும்பத் திரும்பக் கோணலாக வருகிறது. விதையில் கலப்படம் என்று அவளுடைய வழிகாட்டி சொல்கிறார். ஒரே வயலில் ஒரே அறுப்பில் வந்த கம்பு வேண்டும், உங்கள் கரிசல் கம்பாக இருந்தால் நல்லது. இந்தத் தடவையும் சரிவராவிட்டால் கம்பை வேறொருவனிடம் கொடுத்துவிடுவார், இத்தனை வருஷ உழைப்பும் தண்ணீரில் போச்சு.

தபாலில் அனுப்பியிருக்கலாம். என் கால் ஓரிடத்தில் நிற்காது என்பது குடும்பத்துக்கே தெரியும். பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

மைசூர் டவுன் பஸ்களில் எண்களைக்கூடக் கன்னடத்தில்தான் எழுதியிருந்தார்கள். ஊர்ப்பெயர் படிக்கத் தெரியாது என்று தயாராகப் போயிருந்தேன். எண்ணும் படிக்கத் தெரியாது என்பது அங்கேதான் தெரிந்தது. நாற்பத்தாறு வயதில் முதல்முறையாக எழுத்தறியாதவளானேன். ஏதோ ஒன்றில் ஏறினேன். விஜயநகர் போக வேண்டியவளைத் தூக்கிக்கொண்டு அது சாமுண்டி மலையில் ஏறியது. கண்டக்டர் சிரித்தபடி கன்னடத்தில் என்னவோ சொன்னார். பக்கத்து இருக்கை அம்மாள் தமிழில் பெயர்த்தாள்: சாமுண்டி கூப்பிடாமல் யாரும் தப்பு பஸ்ஸில் ஏறுவதில்லையாம், மேலே போய்க் கும்பிட்டுவிட்டு இதிலேயே திரும்பி இறங்கச் சொல்கிறார். இறங்கும்போது கீழே ஊர் அசையாமல் கிடந்தது. வெயிலில் அத்தனை மரங்களும் ஒரு இலைகூட ஆட்டாமல் நின்றன. எங்கள் ஊரில் வெயில் கத்தும். அங்கே அது மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

சித்தி வீட்டில் அன்று முத்தெ என்கிற ராகி உருண்டையும் கீரைச் சாறும். நான் வாயில் போட்டு மென்றேன். சித்தப்பாவுக்குத் தாங்கவில்லை.

“என்னம்மா பூரணி, எருமை மாதிரி அசை போடறே. முத்தெயை விழுங்கணும். களின்னு நெனச்சு மென்னா அதுக்குக் கோபம் வந்துடும், ஆமேலே நாளெல்லாம் வயித்துக்குள்ள திட்டிக்கிட்டே கெடக்கும்.”

சித்தி சிரித்தாள், ஆனால் சத்தமில்லாமல். வீட்டில் தமிழ்தான். ஆனால் ஜன்னல் திறந்திருந்தால் அவள் குரல் தானாக இறங்கிவிடும். காவிரித் தகராறு நடந்த வருஷத்தில் வந்த பழக்கமாம். இப்போது ஒன்றுமில்லை, பக்கத்து வீட்டம்மாள் தினமும் கறிவேப்பிலை கேட்டு வருகிறாள், ஏலச்சீட்டில்கூட இருவரும் கூட்டு. ஆனாலும் குரல் இறங்கும். ஏன் சித்தி மெதுவாகப் பேசுகிறாய் என்று கேட்டேன். எங்கே மெதுவாகப் பேசுகிறேன் என்று மெதுவாகக் கேட்டாள்.

மறுநாள் கோகிலா என்னை ஆராய்ச்சிக்கூடத்துக்கு அழைத்துப் போனாள். கோடி அறையில் ஆள் உயரத்துக்கு ஒரு பெட்டி. மேலே வரிசையாகக் குழல்விளக்குகள், கீழே குளிரூட்டும் யந்திரம், நடுவில் தட்டுத் தட்டாகப் பயிர். அதைக் கேட்டு வாங்க அவளுடைய வழிகாட்டி ஸார் பல வருஷம் அலுவலகம் அலுவலகமாக அலைந்தாராம். அதற்கு முன்னால் வராந்தாவில் ஈரச்சாக்கு போர்த்தித்தான் பயிர் வளர்த்தார்கள். பெட்டிக்கு மேலே சுவரில் சாமுண்டி படம், வாடிய மல்லிகைச் சரம்.

ஸார் வந்தார். கன்னடக்காரர், ஐம்பதைத் தாண்டியவர், சட்டையில் ஒரு மடிப்புக் கலையவில்லை. பையிலிருந்த கம்பை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தார், முகர்ந்தார், ஒன்றைக் கடித்தார். நல்ல விதை என்றார். போகும்போது கன்றுக்குட்டியின் கழுத்தைத் தடவுவதுபோலப் பெட்டியின் கதவைத் தடவிவிட்டுப் போனார்.

கோகிலா எனக்கு விளக்கினாள். முட்டையின் வெள்ளைக்கரு வெந்து திரண்டால் திரும்பப் பழையபடி ஆகாது. உயிருள்ள எதற்குள்ளும் புரதம் இருக்கிறது, சூடு மீறினால் அதுவும் அப்படித்தான் திரண்டு போகும். திரளவிடாமல் ஓடிப்போய்ப் பிடித்துக்கொள்ளும் காவல் புரதங்கள் சில உண்டு. அவற்றைச் செய்யத் தெரிந்த மரபணுக்கள் சாதாரண நாளில் பெரும்பாலும் மூடிக் கிடக்கும். சூடு உறைத்ததும், உயிரணுவுக்குள் தனித்தனியாக அலைந்துகொண்டிருக்கும் ஒரு புரதம் மூன்று மூன்றாகக் கை கோத்துக்கொள்ளும். கோத்துக்கொண்டு போய் அந்த மரபணுக்களின் வாசலில் உட்காரும். கதவு திறக்கும்.

“அப்ப மத்த வேலை முக்காவாசி நின்னு போகும் அக்கா. வளர்றது, பச்சை கட்டறது, எல்லாம். வீட்டுல தீப்பிடிச்சா அடுப்புல என்ன வேகுதுன்னு யாராவது பாப்பாங்களா?”

விரல் உயரமுள்ள ஒன்றுக்குள் மூன்று மூன்றாகக் கை கோத்துக்கொண்டு வாசல் தேடிப் போவதை நினைத்தேன். புறங்கையில் மயிர் நின்றது. வெயிலில் ஒரு பசுந்தழை சும்மா ஆடிக்கொண்டு நிற்கிறது என்று அதுவரை நம்பியிருந்தேன்.

சோதனை எளிது. இரண்டு தட்டு நாற்று. முதல் தட்டுக்கு இளஞ்சூடு காட்டிப் பழக்குவாள். இரண்டாவதற்குச் சூடே காட்டமாட்டாள். மறுநாள் இரண்டையும் தாங்க முடியாத கடுஞ்சூட்டில் வைப்பாள். பழகினது பிழைக்க வேண்டும், பழகாதது சாக வேண்டும். ஆனால் அவளிடம் பழகாத தட்டு சாவதே இல்லை. போன மாதம் சாகவில்லை, அதற்கு முந்தின மாதமும் சாகவில்லை.

“அது செத்தாத்தான் அக்கா நான் பிழைப்பேன்,” என்றாள்.

என் கம்பு ஊறி, முளைத்து, வெள்ளை வெளிச்சத்தில் நிமிர்ந்தது. சனிக்கிழமை இரண்டு தட்டும் கடுஞ்சூட்டில் இருந்து வெளியே வந்தன. திங்கட்கிழமை காலை நானும் கூடப் போனேன். இரண்டு தட்டுமே நின்றன. பழகாத தட்டில் ஒரு நாற்றுகூடச் சாயவில்லை. எல்லாம் ஒரே பக்கமாகக் கொஞ்சம் வளைந்து, கதவைத் திறந்தவர்களை எட்டிப் பார்ப்பதுபோல நின்றன. கோகிலா அதிர்ச்சி காட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அவற்றுக்கு எதிரே உட்கார்ந்தாள். மரியாதைக்கு உட்கார்ந்த மாதிரி இருந்தது.

கடுஞ்சூட்டுக்கு முன்பே இரண்டு தட்டிலிருந்தும் சில நாற்றுகளை எடுத்து வைத்திருந்தாள். மரபணுக் கதவு திறந்திருந்தால் உள்ளிருந்து நகல்கள் வெளியே வந்திருக்கும். அந்த நகல்களைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் கதிர்வீச்சுப் பொருள் ஒன்று உண்டு. அது எக்ஸ்ரே பிலிமில் கறுப்புக் கோடாகப் பதியும். புதன்கிழமை பிலிமைக் கழுவினாள். நல்ல பகல், ஆனால் அந்த அறைக்குள் பகல் கிடையாது, ஒரு சிவப்பு பல்பு மட்டும். திரவத்தில் பிலிமை ஆட்டிக்கொண்டே இருந்தாள். பழகின நாற்றின் இடத்தில் கோடு எழுந்தது. பக்கத்து இடம் வெறுமையாக இருக்க வேண்டும். இருவரும் மூச்சைப் பிடித்துக் குனிந்திருந்தோம். அங்கேயும் ஒன்று மெல்ல, உள்ளேயிருந்து யாரோ பெருவிரலால் அழுத்துவதுபோல, எழுந்து வந்தது.

சூட்டையே அறியாத பயிர். ஆனால் அதற்குத் தெரிந்திருக்கிறது.

பிலிமை ஸார் ஜன்னலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். கன்னடத்தில் நிதானமாகப் பேசினார். வெளியே வந்ததும் கோகிலா எனக்குச் சொன்னாள்: விதையில் குறை இல்லை என்று தெரிந்துவிட்டது, அப்படியானால் குறை கையில் இருக்கிறது, தட்டுகளை மாற்றி வைக்கிறாய் என்கிறார். இன்னும் ஒரே தடவை. ஊறப்போட்ட அடுத்த கம்பு முளைவிட்டிருந்தது. வரும் திங்கட்கிழமையும் இதேபோல வந்தால் அவளோடு படிக்கும் இன்னொருவனுக்குக் கம்பு போய்விடும்.

நான் ஊர் திரும்பும் டிக்கெட்டை ரத்து செய்தேன்.

அன்று மாலை குக்கரஹள்ளி ஏரிக்கரையில் நடந்தேன். மனம் வேறு எதிலும் ஒட்டவில்லை. முதல் நாள் கையில் எடுத்ததும் பிய்ந்துபோகிற அளவு மெத்தென்ற தோசையைத் தின்றுவிட்டு, இந்த ஊரே பூப்போல என்று நினைத்தவள், இப்போது அதற்கு என்னவெல்லாம் தெரியுமோ என்று மரத்தடியில் உட்காரத் தயங்கினேன். பெஞ்சில் இரண்டு ஓய்வூதியக்காரர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். இத்தனை நாளில் எனக்குக் கன்னடம் கொஞ்சம் பிடிபட ஆரம்பித்திருந்தது. இந்த வருஷம் இந்த மரம் முன்னாலேயே பூத்துவிட்டதே என்றார் ஒருவர். எதற்குப் பயந்ததோ என்றார் மற்றவர். பிறகு சர்க்கரை வியாதியைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். நான் நிழலுக்கு ஒதுங்காமல் வெயிலிலேயே நடந்து வந்தேன்.

வியாழக்கிழமை கோகிலா யாரோ வேண்டுமென்றே செய்கிறார்கள் என்று முடிவுக்கு வந்திருந்தாள். யார் என்று சொல்லவில்லை. கம்பு யாருக்குப் போகுமோ அவன்தான் என்று அவள் முகம் சொன்னது. மறுநாள் விடிந்ததுமே போய்ப் பெட்டிக்குக் காவல் இருப்பதாகச் சொன்னாள். வெள்ளிக்கிழமைகளில் பத்து மணிக்கு மேல் வந்தால் போதும் என்பது அங்கே எழுதாத சட்டம். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. அதனால் வெள்ளி காலையில் அங்கே ஆளே இருக்காது. கெடுக்க வருகிறவனுக்கு வசதி.

அன்று மாலை ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து கிளம்பும்போது, புதிதாக முளைத்த பழகாத தட்டிலிருந்து ஒரு கொத்தை மண்ணோடு கேட்டு வாங்கினேன். வீட்டில் வைத்துப் பார்க்க ஆசை, அவ்வளவுதான். சித்தியின் எவர்சில்வர் டம்ளரில் அது பஸ்ஸில் என் மடியில் வந்தது. இரவு முழுக்கத் தண்ணீர்ப்பானைக்குப் பக்கத்தில் குளிர்ச்சியாக இருந்தது.

வெள்ளிக்கிழமை, அவள் சொன்னபடி விடிந்ததும் போனோம். வராந்தா காலி. கோடி அறைக் கதவின் கண்ணாடிச் சதுரத்தில் வெளிச்சம். உள்ளே யாரோ இருந்தார்கள். கோகிலா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

ஸார். செருப்பில்லாத கால். சரிகைக் கரை வேட்டி, மேலே துண்டு, நெற்றியில் குங்குமம். படத்துக்குப் புது மல்லிகை சாத்தினார். பெட்டிக் கதவில் சந்தனம் வைத்தார், ஊதுபத்தி கொளுத்தினார். பிறகு குனிந்து, வீட்டு விளக்கை அணைக்கும் சாதாரணத்தோடு, கீழே இருந்த ஒரு சுவிட்சைத் தட்டினார்.

உறுமல் நின்றது. அந்தக் கட்டடத்துக்கு அப்படி ஒரு மௌனம் உண்டு என்று எனக்கு அதுவரை தெரியாது. மேலே குழல்விளக்குகள் மட்டும் அணையாமல் நாற்றுகள் மேல் வெள்ளையாகக் கொட்டிக்கொண்டிருந்தன. ஸார் கண்ணை மூடினார். தேவியின் ஆயிரம் பெயர்களைச் சொல்லத் தொடங்கினார். அழகான குரல். அவசரமே இல்லை. ஒவ்வொரு பெயரையும் பூவைக் காம்பு படாமல் வைப்பதுபோல வைத்தார். அவருக்கும் கண்ணாடிக்குப் பின்னால் நின்ற பயிருக்கும் நடுவில் ஊதுபத்திப் புகை நேர்கோடாக எழுந்தது. பயிர் எல்லாம் அவர் பக்கமாக வளைந்து நின்றது. கேட்டுக்கொண்டிருப்பதாகத்தான் எனக்குத் தோன்றியது.

“அக்கா,” என்றாள் கோகிலா காதருகே. “சத்தம் நின்னுடுச்சு பாரு.”

ஆயிரமும் முடிந்த பிறகுதான் சுவிட்சைப் போட்டார். அதற்குள் நாங்கள் ஓசைப்படாமல் காண்டீனுக்கு வந்திருந்தோம். உறுமல் திரும்பியது அங்கே வரைக்கும் கேட்டது. காபியை நகர்த்தி வைத்துவிட்டு அவள் சொன்னாள். யந்திரத்தின் சத்தத்தில் பெயர்கள் அவர் காதிலேயே விழுவதில்லை, அதனால் நிறுத்துகிறார். குளிர் நின்று விளக்கு எரிந்தால் மூடிய பெட்டிக்குள் சூடு ஏறும். கொல்லுகிற சூடு இல்லை, பழக்குகிற சூடு. எல்லாச் சோதனைக்கும் நாற்று வெள்ளிக்கிழமையைத் தாண்டித்தான் சனிக்கிழமைக்கு வருகிறது. இதையெல்லாம் சொல்லிக்கொடுத்ததே அவர்தானே, அவருக்கா தெரியாது என்று கேட்டேன்.

“தெரியாம என்ன அக்கா. ஆனா அது அவருக்கு நேரமே இல்லை. சாமி கும்பிடற நேரத்தை யாரும் நேரமாக் கணக்குல எடுக்கறதில்லை. எங்கம்மா உலையை வெச்சுட்டு விளக்கேத்தப் போவா, சாதம் குழைஞ்சா அரிசியைத்தான் திட்டுவா.”

வீட்டில் சொன்னதும் சித்தி எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள். “பேடாடி, வேண்டாம். பெரியவர், நல்லவர். அவர் கும்பிடற சாமியைப் போய்க் குத்தம் சொன்னா, வெளியூர்க்காரிக்குத் திமிரைப் பாருன்னுதான் சொல்வாங்க. கம்பு போனாப் போகட்டும்.”

“நான் வெளியூர்க்காரியாம்மா? இங்கேயே பொறந்தவ.”

“நீ பொறந்தே. நான் வந்தேன் இல்லையா.”

சித்தப்பா செய்தித்தாளை இறக்காமலே சொன்னார்: “அவ சாமியை எங்கடி சொல்றா. சுவிட்சைத்தானே சொல்றா.”

சனிக்கிழமை கோகிலா தட்டுகளோடு என் டம்ளர் நாற்றையும் கடுஞ்சூட்டில் வைத்தாள். என்னிடம் கேட்டுவிட்டுத்தான். வெள்ளிக்கிழமை அந்த அறையில் இல்லாத கம்பு அது ஒன்றுதான், அதனால் நான் மறுக்க முடியவில்லை. வெளியே எடுத்ததும் தட்டுகளில் ஒன்றும் தெரியவில்லை. டம்ளரிலிருந்து வாடை வந்தது, நான் முதலில் சொன்ன அந்த வாடை. மடியில் வந்ததை, நான் தண்ணீர் தெளித்ததை, நிழலில் குளிரக் குளிர வைத்திருந்ததை முகர்ந்தபடி நின்றேன். நாங்கள் பார்த்துப் பார்த்து வைத்ததுதான் போயிற்று. திங்கட்கிழமை அது டம்ளரின் விளிம்பில் நூல் நூலாகத் தொங்கியது. பழகாத தட்டு வழக்கம்போல நிமிர்ந்து நின்றது.

இரண்டையும் எடுத்துக்கொண்டு அவள் ஸார் அறைக்குப் போனாள். நான் வாசலோடு நின்றேன். அவர் டம்ளரைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், இது எங்கே இருந்தது என்று டம்ளரைக் காட்டிக் கேட்டார். வீட்டில் என்றாள். டம்ளரை மேஜையில் வைத்தாள். நான் சித்தியின் ஜன்னலை நினைத்தேன், இவளும் சாத்திக்கொள்வாள் என்றே எண்ணினேன். கடைசியில் கன்னடத்தில், மிக மெதுவாக, அவரிடம் ஒரு உதவி கேட்டாள். இப்போது பெட்டியின் முன்னால் வெள்ளிக்கிழமைபோல ஒருமுறை படிக்க முடியுமா, நான் தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறேன்.

ஸார் எழுந்து கோடி அறைக்கு வந்தார். பிறகு செருப்பைக் கழற்றினார்.

சுவிட்ச் தட்டப்பட்டது. அதே மௌனம். அவர் பெயர்களைச் சொல்லத் தொடங்கினார். அவள் பெட்டிக்குள் செருகிய தெர்மாமீட்டரைப் பார்த்து எண்களைச் சொல்லத் தொடங்கினாள். அவர் சில பெயர் சொல்வார், அவள் ஒரு எண் சொல்வாள். முப்பத்திரண்டு. பெயர்கள். முப்பத்தைந்து. இரண்டும் ஒரே தாழ்ந்த குரலில், ஒரே பூஜையின் இரண்டு பக்கம்போலக் கேட்டன. அவர் கண் மூடியே இருந்தது, ஆனால் பெயர்களுக்கு நடுவே இடைவெளி நீண்டுகொண்டே போயிற்று. நாற்பது. ஒரு பெயர். நாற்பத்தொன்று. வாசலில் நின்ற எனக்கு வியர்த்தது. நாற்பத்திரண்டு என்று அவள் சொன்னபோது அவர் ஒரு பெயரின் பாதியில் நிறுத்திவிட்டார்.

ஆயிரத்தில் பாதிகூட ஆகியிருக்காது. அப்படி நடுவில் விட்டவர் இல்லை என்பது அவர் உதடு இன்னும் அசைந்துகொண்டிருந்ததில் தெரிந்தது. கண்ணாடிக் கதவில் உள்ளங்கையை வைத்தார். எடுத்தார். குனிந்து தானே சுவிட்சைப் போட்டார்.

“எத்தனை வெள்ளிக்கிழமை?” என்று கேட்டார், அவளைப் பார்க்காமல்.

“எல்லா வெள்ளிக்கிழமையும், ஸார்.”

மறுநாள் நான் கிளம்பினேன். கோகிலா பஸ் நிலையத்துக்கு வந்திருந்தாள். எண்ணைப் படித்துச் சரியான பஸ்ஸில் ஏற்றிவிட்டு, நஞ்சன்கூடு வாழைப்பழச் சீப்பு ஒன்றை ஜன்னல் வழியாகத் திணித்தாள். கம்பு அவளிடமே இருக்கிறது. ஸார் அதோடு நிற்கவில்லை. இதுவரை வந்த கோணல் முடிவுகளையும் ஆய்வேட்டில் போடச் சொல்லியிருக்கிறார். குளிரூட்டி நிறுத்தப்பட்டது என்று மட்டும் எழுதுகிறேன் என்றிருக்கிறாள் இவள். யார் நிறுத்தியது என்று கேட்பார்கள், என் பெயரை எழுது என்றாராம். சொல்லும்போது அவள் குரல் இறங்கவில்லை. முன் இருக்கையில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார், அப்போதும் இறங்கவில்லை.

பஸ் உறுமியது. வேறு எதையோ கேட்க நினைத்து, வாயில் வந்ததைக் கேட்டேன்.

“பிழைச்சு நிக்குதே அந்தத் தட்டு, அதை என்ன செய்யப் போறே?”

“வெச்சிருக்கேன் அக்கா. பட்ட சூடு அதுக்கு மறக்கணும், ரெண்டு மூணு நாள் ஆகும். மறந்ததும் எடுத்துத் திரும்பச் சுடணும்.”